திருடனிடம் வாங்கிய கையெழுத்து

(நகைச்சுவைக் காட்சி எழுதுவது குறித்துக் கல்லூரித் தமிழ்த் துறை ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'நகைச்சுவை: ஓர் ஆய்வு' என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த தலைப்பு வேறு. ஆய்வு செய்கிற தகுதி எனக்குக் கிடையாது. முப்பது சொச்சம் ஆண்டுகளாகச் சபா நாடகம், தொலைக்காட்சித் தொடர், சினிமாவுக்குக் காமெடி டிராக் என்று எழுதிப் பிழைத்தவன். எழுதியதில் பாதி குப்பைக்குப் போனது. மீதியில் பாதிக்கு டைட்டிலில் பெயர் வரவில்லை. ஆகவே தொழிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருகிறவனுக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான்.

என் முதல் டிராக்கில் ஒரு பெண் பார்க்கும் காட்சி. ஹீரோவின் நண்பன் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடப் போகிறான். மூன்று வரிக்கு ஒரு ஜோக் வைத்திருந்தேன். டிஸ்கஷன் அறையில் படித்துக் காட்டியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படப்பிடிப்பில் லைட்மேன்கள் சிரித்ததில் இரண்டு டேக் வீணானது. படம் வெளியான வெள்ளிக்கிழமை மேட்னிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்தக் காட்சி வந்தது. போனது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் எழுந்து முறுக்கு வாங்கப் போனார். அவசரம்கூடக் காட்டவில்லை, இதைவிட நிதானமாக முறுக்கு வாங்க நேரம் வாய்க்காது என்பதுபோல் போனார்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். டிஸ்கஷன் அறையில் சிரித்தவர்களுக்கு என்னைத் தெரியும். செட்டில் சிரித்தவர்களுக்கு அந்த நடிகரைத் தெரியும். தியேட்டரில் இருந்தவர்களுக்கு எங்கள் இருவரையும் தெரியாது. திரையில் நிற்கிற ஆளுக்கு என்ன வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும், அதையும் நான் எழுதித் தரவில்லை. அவனுக்குப் பெண் வேண்டுமா, பஜ்ஜி வேண்டுமா என்று நானே முடிவு செய்திருக்கவில்லை. ஜோக்குகள் இருந்தன. ஆள் இல்லை.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சீன் பேப்பரின் மேல் ஓரத்தில், முதல் வசனத்துக்கு முன்னால், பென்சிலில் ஒரு கேள்வி: 'இவன் நியாயம் என்ன?' சிரிக்க வைக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அது கோணல் நியாயமாக இருக்கலாம். ஆனால் அவனுக்கு அது கோணல் என்று தெரியாது, அல்லது தெரிந்தும் விட மாட்டான். நகைச்சுவை எழுதுவது என்று நான் கற்றுக்கொண்டது இந்த நியாயத்தை எழுதுவதைத்தான். ஜோக் அதன் நிழலாக வந்து சேரும்.

இதைச் சொல்ல நான் தேவையில்லை என்று பிற்பாடு தெரிந்தது. நீங்கள் தமிழ் படிக்கிறவர்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு. முதன்முதலில் படித்தபோது பேதைமையும் மடனும் ஒன்றுதானே, எண்ணிக்கைக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உரையாசிரியர் பேராசிரியர் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். பேதைமை அறிவின்மை. மடன் என்பது பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமல் பிடித்துக்கொள்வது. இந்த 'விடாமல்' என்ற இடத்தில்தான் தமிழ் சினிமாவின் காமெடி பாதி உட்கார்ந்திருக்கிறது.

1941-இல் ஏவி.எம். எடுத்த 'சபாபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது. எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். வேலைக்காரச் சபாபதி சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவன். ஒரு சொல் கூட மீற மாட்டான். அவன் முட்டாள் என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. உத்தரவு அப்படித்தானே இருந்தது?

நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து, 1989-இல், 'கரகாட்டக்கார'னில் வாழைப்பழக் காட்சி. நான் கதை சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்தார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்தார் செந்தில். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்பது கவுண்டமணியின் கேள்வி. கையில் இருப்பதே அந்த இன்னொன்று என்பது செந்திலின் பதில். இந்தப் பதிலில் பொய் இல்லை. இரண்டு பழத்தில் எதைக் காட்டினாலும் அது மற்றொன்றுக்கு இன்னொன்றுதான். கவுண்டமணி பக்கமும் நியாயம், இரண்டுக்குக் காசு கொடுத்தவர். இரண்டு நியாயமும் நேருக்கு நேர் நிற்கின்றன, இரண்டு பேரும் ஓர் அங்குலம் நகர மாட்டேன் என்கிறார்கள். கேள்வி மாறவில்லை, பதில் மாறவில்லை, கோபம் மட்டும் ஏறுகிறது. புது ஜோக் ஒன்றுகூட உள்ளே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கவுண்டமணி செந்தில் ஜோடிக்கு நிறைய எழுதியவர் ஏ. வீரப்பன். படம் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் அதிகம். அது வேறு துக்கம், இன்றைக்கு வேண்டாம்.

இன்னொரு பாடம் இருக்கிறது, அதை நான் மிகத் தாமதமாகக் கற்றேன். நம் ஊர் சீன் பேப்பர் இரண்டு பத்தியாக இருக்கும். இடது பக்கம் செய்கை, வலது பக்கம் வசனம். நாடகத்திலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களின் தாள்களைப் பார்த்தால் வலது பக்கம் எறும்பு ஊர இடமிருக்காது, இடது பக்கம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்ப் படக் கதை சொல்கிற காட்சி. ஸ்ரீதரும் கோபுவும் எழுதியது. பேசுவதெல்லாம் நாகேஷ். ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் சிரிப்பு வருகிறது, காரணம் பாலையா. பணக்காரர், எஸ்டேட் முதலாளி, மகன் உருப்படாதவன் என்று முடிவு கட்டியவர், கதை கேட்கச் சம்மதமே இல்லாதவர். அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் மாட்டிக்கொண்டு நடுங்குகிறார். கதை சொல்கிறவன் கையிலா சிரிப்பு இருக்கிறது? கேட்கிறவர் முகத்தில் இருக்கிறது. பாலையா மாதிரி ஒருவர் கிடைத்துவிட்டால் எழுத்தாளன் செய்ய வேண்டியது அவருக்கு வசனம் கொடுக்காமல் இருப்பதுதான். அதற்கு மனசு வர எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று, ஏனென்றால் வசனத்துக்குத்தான் அன்றைக்குக் கூலி.

சரி, ஒரு காட்சியை உங்கள் முன்னாலேயே பிரித்துப் போட்டுக் காட்டுகிறேன். அரை மணி நேரத் தொடர் ஒன்றுக்காக எழுதியது. நள்ளிரவில் வீட்டுக்குள் திருடன். பெரியவர் ஒருவர் விழித்துக்கொள்கிறார். என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது.

திருடன்: கத்தாதே! என்கிட்ட கத்தி இருக்கு.
பெரியவர்: கத்தி உன்கிட்ட இருந்தா நீ கத்து. என்கிட்ட ஏது?

நீங்கள் சிரித்தீர்கள், நன்றி. மேடையில் தனியாகச் சொன்னால் இதற்குச் சிரிப்பு உண்டு. காட்சியில் வைத்தால் செத்துவிடும். நள்ளிரவில் கத்தியைப் பார்த்த மனிதர் சிலேடை பேசுகிறார் என்றால் அவருக்குப் பயமில்லை. பயமில்லை என்றால் கத்திக்கு அர்த்தமில்லை. கத்திக்கு அர்த்தமில்லை என்றால் நாம் எதற்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும்? இப்படி நான்கு பக்கம் எழுதி, கிழித்து, பென்சிலை எடுத்தேன். இவர் நியாயம் என்ன?

பெயர் சதாசிவம். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் திருட்டுப் போனது. புகார் கொடுக்கப் போனபோது என்னென்ன போனது, பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் பட்டியல் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொத்துக்குப் பட்டியல் எழுதிய மனிதரிடம் தன் சொத்துக்குப் பட்டியல் இல்லை. அந்த அவமானம் இரண்டு வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குத் திருடன் நேரில் வந்திருக்கிறான். சதாசிவத்துக்கு இது ஆபத்து இல்லை, வாய்ப்பு. இனி நான் எழுதவே வேண்டாம், அவரே எழுதிக்கொள்வார்.

(சதாசிவம் விளக்கைப் போடுகிறார். மூட்டையோடு திருடன் உறைந்து நிற்கிறான்.)
சதாசிவம்: ஒரு நிமிஷம். கண்ணாடியை எங்க வெச்சேன்?
(திருடன் அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுக்கிறான்.)
சதாசிவம்: குத்துவிளக்கு, வெள்ளி, ஒண்ணு.
திருடன்: வெள்ளி இல்லீங்க. முலாம்.
சதாசிவம்: எங்க மாமனார் வெள்ளின்னுதான் குடுத்தாரு.
திருடன்: (விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்து, வருத்தத்தோடு) இருபது வருஷமா தொழில்ல இருக்கேங்க.
(சதாசிவம் 'வெள்ளி'யை அடிக்கிறார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போடுகிறார்.)
மனைவி குரல்: யாருகூடங்க பேசிட்டிருக்கீங்க?
சதாசிவம்: திருடர் வந்திருக்கார்.
மனைவி குரல்: கிரைண்டரையும் எழுதிடுங்க.
திருடன்: நான் கிரைண்டர் எடுக்கலீங்களே.
மனைவி குரல்: அது ரிப்பேராகி ஆறு மாசம் ஆச்சு. போனதோட போனதா இருக்கட்டும்.
திருடன்: ஐயா, எடுக்காததை என் கணக்குல ஏத்தாதீங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல நான் பதில் சொல்லணும்.
சதாசிவம்: (உள்பக்கம் திரும்பி) பொய்க் கணக்கு எழுத மாட்டேன். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்!
(கார்பன் தாளோடு பட்டியலை நீட்டுகிறார். திருடன் கையெழுத்துப் போடுகிறான். நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறான்.)
திருடன்: தேதி இருபத்தி ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. பன்னெண்டு தாண்டிடுச்சுங்க.

அங்கே கட். சதாசிவம் தேதியைத் திருத்துவதைக் காட்டக் கூடாது. பார்க்கிறவர் மனசில் அவர் திருத்திவிட்டார், இன்னொரு சுருக்கொப்பமும் போட்டுவிட்டார்.

இதில் ஜோக் என்று தனியே பிய்த்து எடுக்க ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். 'முலாம்' என்பது ஜோக்கா? ஆனால் அந்த இடத்தில் திருடனுக்கும் ஒரு நியாயம் பிறக்கிறது, தொழில் தெரிந்தவன் என்கிற மரியாதை. அது வந்த பிறகுதான் கிரைண்டருக்கு அவன் கோபப்பட முடியும். மனைவி அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வந்தால் பயப்பட வேண்டும், பயந்தால் கிரைண்டர் ஞாபகம் வராது. சுருக்கொப்பமும் கண்ணாடியும் இடது பக்கத்துச் சரக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரியை எடுத்துவிட்டேன், இன்றைக்கும் வலிக்கிறது. கையெழுத்தா, கைநாட்டா என்று சதாசிவம் கேட்பார். கைநாட்டு வேண்டாங்க, அது ஏற்கெனவே ஸ்டேஷன்ல இருக்கு என்பான் திருடன். கேட்டவர்கள் எல்லாரும் அதை வை, வை என்றார்கள். வைத்தால் அதற்கு வருகிற சிரிப்பில் தேதி வரி காதில் விழாது. இரண்டு பெரிய சிரிப்பை அடுத்தடுத்து வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும், செந்தில் பழத்தைத் தின்ற மாதிரி. எது மிஞ்சட்டும் என்று தீர்மானிப்பதுதான் நமக்குச் சம்பளம்.

'திருடர் வந்திருக்கார்' என்ற வரியில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். இதை வேறு எந்த மொழிக்காரரிடம் சொல்லிச் சிரிக்க வைப்பது? ஓர் 'அர்' விகுதி, அவ்வளவுதான். நம் மொழியில் வினைமுற்றைக் கேட்டாலே பேசுகிறவர் எதிரில் இருப்பவரை எங்கே உட்கார வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஒருவர் இன்னொருவரை 'வாங்க' என்று தொடங்கி எந்த நொடியில் 'வா'வுக்கு இறங்குகிறார், மறுபடி பணம் என்றதும் எப்படி 'வாங்க'வுக்கு ஏறுகிறார் என்பதை மட்டும் வைத்து ஒரு முழுக் காட்சி எழுதலாம். இலவசமாகக் கிடைத்த கருவி, பலர் தொடுவதே இல்லை.

அதேபோல வாக்கிய அமைப்பு. எழுத்துத் தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். சிரிப்பை வெடிக்க வைக்கும் சொல் பெரும்பாலும் வினையாக இருக்காது. அதனால் எழுத்துத் தமிழில் வசனம் எழுதுகிறவர்கள் வெடியைக் கொளுத்திவிட்டு அதன் மேல் ஒரு தலையணையை வைத்துவிடுகிறார்கள். 'மாப்பிள்ளை சமையல்காரரோட ஸ்கூட்டர்ல ஓடிட்டாரு.' இது செய்தி. 'மாப்பிள்ளை ஓடிட்டாரு, சமையல்காரரோட ஸ்கூட்டர்ல.' இது காமெடி. ஓடிவிட்டார் என்றதும் வீடு பதறுகிறது, ஸ்கூட்டர் வந்ததும் சமையல்காரரும் பதறுகிறார். பேச்சுத் தமிழ் இயல்பாகவே இப்படி வினைக்குப் பின்னால் வால் வைக்கும். டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள், எவரும் இலக்கணப்படி முடிப்பதில்லை. எண்களும் அப்படித்தான். 'ரொம்ப நேரம் காத்திருந்தேன்' என்றால் ஒன்றுமில்லை. 'ஆறே முக்காலிலிருந்து' என்றால் அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குமைந்தது தெரிகிறது.

சிலேடையை நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் மன்னர் கிரேஸி மோகன், கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு மேடைக்கு வந்தவர். 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1990-இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜ'னில் அவர் எழுதிய கல்யாணச் சமையல் காட்சி. பாலக்காட்டுச் சமையல்காரர்களின் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது. இந்தப் பதற்றத்தின் நடுவில்தான் 'மீன்' என்ற சொல்லை வைத்து அத்தனை விளையாட்டு. அங்கே சிலேடை ஏன் ஓடுகிறது? அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் மானம் போகும், பிழைப்புப் போகும். சொல்ல முடியாத ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி நாக்கு ஓடுகிறது. மீனைச் சாம்பாரிலிருந்து எடுத்துவிட்டு அதே வரிகளைப் படியுங்கள், எனக்குக் கத்தி செத்த மாதிரி அதுவும் செத்துவிடும். மோகனைப் பார்த்து எழுத வந்த எத்தனையோ பேர் வரியை எடுத்துக்கொண்டார்கள், மீனை விட்டுவிட்டார்கள். நானும்தான்.

அவருக்கு மேடை கொடுத்த இன்னொரு வித்தை நேரக் கணக்கு. சபாவில் சிரிப்பு அடங்கும் வரை நடிகர் நிற்கலாம். சினிமா நிற்காது, பெட்டிக்குள் போன படம் போனதுதான். அதனால் பெரிய சிரிப்புக்கு அடுத்த வரியில் கதைக்கு வேண்டிய தகவலை வைக்காதீர்கள். 'ஐயோ', 'என்னங்க இது', ஒரு நடை, ஒரு கதவு, காணாமல் போனாலும் நஷ்டமில்லாத ஏதாவது ஒன்று. தொலைக்காட்சியில் நிலைமை வேறு. வீட்டில் இரண்டு பேர் பார்க்கிறார்கள், ஒருவர் வெண்டைக்காய் நறுக்குகிறார். அங்கே சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள், இடைவெளி விட்டால் சேனல் மாறும்.

தொலைக்காட்சிக்கு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பழகிக்கொள்ள வேண்டும். அரை மணி ஸ்லாட் என்றால் விளம்பரம் போகக் கையில் இருப்பது சுமார் 22 நிமிடம். சினிமாவில் ஆள் கடைசியில் திருந்தலாம். தொடரில் திருந்தினால் அடுத்த வாரம் நமக்கு வேலை இல்லை. இயக்குநர் நாகாவின் 'ரமணி வெர்சஸ் ரமணி'யை நினைத்துப் பாருங்கள், கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. சபாபதியின் பழைய வித்தைதான். ஆனால் எஜமான், வேலைக்காரன் என்ற ஏற்றத்தாழ்வு போய், இரண்டு ரமணிகளும் ஒரே வீட்டில் சம உரிமையோடு நிற்கிறார்கள். சண்டை தீர்வதற்கு வழியே இல்லாத ஒரு ஏற்பாடு. வாரா வாரம் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைக்காது. 'லொள்ளு சபா' மாதிரி கிண்டல் நிகழ்ச்சிகளுக்கு ஆயுள் குறைவு என்பார்கள். மூலப் படத்தை மறந்த தலைமுறை வந்தால் கிண்டல் புரியாது என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பாகவும் போகிறது, மூலத்தைப் பார்க்காமல் கிண்டலை மட்டும் பார்த்துச் சிரிக்கிற பையன்களை எனக்குத் தெரியும்.

காட்சிகள் எப்போது சாகும், எப்போது உயிர்க்கும் என்று யாரால் சொல்ல முடியும்? 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. அவர் தலையில் சுத்தியல் விழும். பதினெட்டு ஆண்டு கழித்து, 2019 மே மாதம், நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி ட்விட்டரே அலறியது. சுத்தியல் விழுந்தால் சிரிப்பு வரும் என்று நினைத்து நம் படங்களில் எத்தனை சுத்தியல், எத்தனை தேங்காய், எத்தனை பூந்தொட்டி விழுந்திருக்கின்றன! ஒன்றும் நிற்கவில்லை. இது நின்றது, ஏனென்றால் விழுந்தது காண்ட்ராக்டர் தலையில். அந்த மனிதருக்கு வேலை சுத்தமாக முடிய வேண்டும், தன் பேச்சை ஆட்கள் கேட்க வேண்டும், தான் பெரிய ஆள் என்று வீட்டுக்காரர்கள் நினைக்க வேண்டும். இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறார், அந்தத் தலை மேல்தான் விழுகிறது. உங்களில் யாராவது அடுத்தவன் தலையில் எதையாவது போட நினைத்தால், போடுவதற்கு முன் அந்தத் தலையில் என்ன இருக்கிறது என்று எழுதிவிடுங்கள்.

எள்ளல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிறம், உடம்பு, வழுக்கை, திக்குவாய் என்று நம் படங்கள் சிரித்த சிரிப்புக்குக் கணக்கில்லை. நானும் எழுதியிருக்கிறேன். பருமனான ஒரு துணை நடிகைக்கு ஒருமுறை ஏழு வரி எழுதினேன், ஏழுக்கும் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் தன் பிள்ளைகளை அந்தப் படத்துக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட நாளில் தலைகுனிவாக இருந்தது. தொழில்காரனாக எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. அந்த ஏழு வரியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். உருவத்தைக் கேலி செய்கிற வரிக்கு ஆள் தேவையில்லை, நியாயம் தேவையில்லை. பெண் பார்க்கும் காட்சியில் நான் செய்த அதே தப்பு, இங்கே கைத்தட்டல் வாங்கிக்கொண்டது என்பதுதான் வித்தியாசம்.

எழுதி முடித்ததை எப்படிச் சோதிப்பது என்று ஒரு மாணவர் வாசலிலேயே கேட்டார். நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். நாம் படித்தால் நடிப்போம், குரலை ஏற்றி இறக்கி இல்லாததை இருப்பதாகக் காட்டுவோம். யூனிட்டிலேயே நடிப்பு சுத்தமாக வராத ஒரு உதவி இயக்குநர் இருப்பார். பிராம்ப்டிங் பண்ணும்போதே நடிகர்களைத் தூங்க வைக்கிற குரல். அவரிடம் கொடுத்து, ரேஷன் கார்டு விவரம் வாசிப்பதுபோல வாசிக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒருவர் உதட்டோரம் அசைந்தால் சிரிப்பு காகிதத்தில் இருக்கிறது. எனக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். பிறகு அவரே இயக்குநராகிவிட்டார், எனக்கு அதற்கப்புறம் நல்ல வாசிப்பாளர் கிடைக்கவில்லை.

நடிகர் செட்டில் சொந்தமாகச் சேர்ப்பதைப் பற்றியும் கேட்டார். சேர்க்கட்டும். அந்த ஆளின் நியாயத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் நடிகர் சேர்ப்பது அதற்குள்ளேயே இருந்து வரும், நாம் எழுதியதைவிட நன்றாகவும் இருக்கும். எழுதவில்லை என்றால் அவர் வேறு படத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருவார். இரண்டும் நடந்திருக்கிறது. முதல் வகையில் பெயர் அவருக்குப் போகும், இரண்டாவது வகையில் திட்டு நமக்கு வரும்.

சதாசிவத்தின் கதையை முடிக்காமல் விட்டேன். அந்தக் காட்சி கடைசி வரை படமாகவில்லை. திருடனை இவ்வளவு நல்லவனாகக் காட்டுவது சரியில்லை என்று ஒரு சேனலில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காட்சி எங்கிருந்து வந்தது என்றால், என் வீட்டில் ஒருமுறை உண்மையாகவே திருட்டுப் போனது. நான் திருடனைப் பார்க்கவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் பட்டியல் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்து எழுதினேன். குத்துவிளக்கு ஒன்று என்று எழுதும்போது உள்ளேயிருந்து என் மனைவி, கிரைண்டரையும் எழுதிவிடுங்கள் என்றாள். சதாசிவத்துக்கு முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் இருந்தது. எனக்கு அப்படி எதுவும் கிடையாது. எழுதிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. குத்துவிளக்கைப் பற்றித் தகவல் இல்லையாம். கிரைண்டர் கிடைத்துவிட்டது, வந்து அடையாளம் காட்டுங்கள் என்றார்கள்.